சினிமாவில் என் கொழுந்தன் செத்த விதம்

என் வீட்டுக்காரரைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாக அந்த டைரக்டர் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை அவரைப் படம் பிடித்தவர்கள் போலீஸ்காரர்கள்தான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. செத்து இத்தனை வருஷம் கழித்து, தாடி வைத்த ஒரு பையன் மீஞ்சூரில் என் மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா ஒரு போராளிம்மா" என்கிறான். "உள்ள வாப்பா, போராளி பொண்டாட்டி காபி போடறேன்" என்றேன்.

அவர் பொன்னேரியில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அடித்துப் பிழைப்பு நடக்கும். அதோடு மாதம் ஒரு பத்திரிகையும் எப்போதாவது புத்தகமும் போடுவார். சாமியைத் திட்டி ஒரு புத்தகம், சாமியாரைத் திட்டி ஒரு புத்தகம், ஆண் பெண் சமாசாரத்தைப் பற்றி அட்டையிலேயே வில்லங்கமாக ஒரு புத்தகம். அவதூறு என்று ஒரு கேஸ், ஆபாசம் என்று ஒரு கேஸ். பொன்னேரி கோர்ட்டு வாசலில் டீ விற்றவருக்கு எங்கள் குடும்பமே பழக்கம். உண்மையைச் சொல்கிறேன், அவர் போட்டதில் பாதி எனக்கே பிடிக்காது. ப்ரூஃப் பார்க்கும்போதே முகம் சுளிப்பேன். "பிடிக்காததைப் போடறதுக்குத்தாண்டி சுதந்திரம் வேணும். பிடிச்சதைப் போட எவன் தடுக்கறான்?" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. பேச்சில் மட்டும்தான் அவரும் ஜெயித்தார்.

டைரக்டர் நான் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிவு செய்துகொண்டான். கேஸ்களைச் சொன்னேன். ஜெயிலுக்குப் போனதைச் சொன்னேன். அச்சகத்துக்கு யாரோ தீ வைத்ததைச் சொன்னேன். கடைசியில், "இதெல்லாம் இருக்கட்டும் தம்பி, என் கொழுந்தன் கதையை விட்டுட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது" என்று அதையும் ஆரம்பித்தேன்.

அவர் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு மீனவக் குப்பத்தில். இவர் படித்து, எழுத்துப் பித்துப் பிடித்துப் பொன்னேரிக்கு வந்துவிட்டார். தம்பி ஊரிலேயே தொழிலுக்குப் போனான். ஏரியில் தொழில் என்றால் இஷ்டப்பட்ட இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இறால் விழுகிற நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு இந்த வீடுகள், நாளைக்கு அந்த வீடுகள் என்று ஊர்தான் முறை வைக்கும். பாடு உள்ளவன் வீட்டில் உலை கொதிக்கும். பாடு இல்லாதவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஊரில் ஒரு பெண்ணின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்று சொல்லி, அந்த வீட்டு முறையை எடுத்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு எங்கள் அச்சகத்துக்கு வந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அடுத்த மாதப் பத்திரிகையில் இவர் அந்தப் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்.

எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஊரின் கோபம் அதற்கில்லை. ஊர்ச் சங்கதி ஊரைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். போலீசுக்குப் போகக் கூடாது, கோர்ட்டுக்குப் போகக் கூடாது. இவரோ அச்சடித்துப் பொன்னேரி கடைத்தெருவில் தொங்கவிட்டுவிட்டார். உடனே ஊர்க் கூட்டம் போட்டார்கள். எழுதியவன் வந்து கூட்டத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவன் குடும்பத்துக்கு ஊர்க்கட்டு என்று தீர்ப்பாயிற்று.

குடும்பம் என்றால் யார்? நானும் அவரும் பொன்னேரியில் இருந்தோம். எங்களுக்குப் பால்காரர் பால் ஊற்றினார், மளிகைக் கடைக்காரர் சாமான் கொடுத்தார், எதிர்வீட்டு அம்மாள் வழக்கம்போல என்னிடம் வம்பு பேசினாள். கட்டு போய் விழுந்தது ஊரில் இருந்த கொழுந்தன் தலையில். அவனோடு யாரும் பேசக் கூடாது. உப்பு, நெருப்பு கொடுக்கக் கூடாது. அவன் படகைத் தள்ளக் கை கொடுக்கக் கூடாது. மீறினால் மீறினவர்களுக்கும் அதே கட்டு. பாடும் போயிற்று. கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். வாந்தி எடுத்தால் "என்ன" என்று கேட்க ஒரு வாய் கிடையாது.

இவருக்கு அந்தச் சமயம் மெட்ராசில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். சொந்த ஊரே தள்ளிவைத்த துணிச்சல்காரர் என்று மாலை போட்டார்கள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார். "மாலை உங்களுக்கு, கட்டு அவனுக்கா?" என்று கேட்டேன். பேச்சில் என்னை ஜெயிக்கிறவர் அன்று ப்ரூஃப் கட்டை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

கொழுந்தன் ஒரு மத்தியானம் வந்தான். உள்ளே வராமல் அச்சகத்துக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அண்ணா, ஒரே ஒரு வார்த்த. தப்புதான்னு சொல்லிட்டு வந்துடு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"நான் எழுதினது பொய்யாடா?"

"பொய்யின்னு எவன் சொன்னான்? நெசந்தான். நெசத்த இன்னா பண்றது, சுட்டுத் துன்றதா?"

"நான் போய் விழுந்துட்டா அந்தப் பொம்பளைக்கு அப்புறம் யாருடா பேசுவாங்க?"

"அந்தப் பொம்பளைக்கு நீ பேசற. எம்பொண்டாட்டிகிட்ட பேச ஊர்ல ஒரு நாதி இல்லயேண்ணா."

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கேஸ் போடலாம், ஊர்க்கட்டு செல்லாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம் என்றார். கொழுந்தன் சிரித்துவிட்டான். "இருக்கற பேஜாரு போதாதா? அதுக்கு மேல கேஸு வேறயா?" என்றான். நான் அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்து, தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தேன். குழம்பின் வாசனைக்கு அவன் கண் ஒரு நிமிஷம் தட்டுக்குப் போனது. "அவ அங்க சும்மா உக்காந்திருப்பா அண்ணி. எனக்கு மட்டும் எறங்காது" என்று எழுந்து போய்விட்டான். கட்டிக் கொடுக்கிறேன் என்று நான் தூக்குச்சட்டி தேடுவதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

அன்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "எத்தனை லட்சம் வார்த்தை எழுதறீங்க. ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று கத்தினேன். "சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் எழுதற எதுக்கும் அர்த்தமில்லடி" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். வெறும் வீம்புக்காரராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஏரியில் பாடு இல்லை என்றதும் கொழுந்தன் கடலுக்குப் போனான். வாடைக் காற்றுக் காலம். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை எழும்பி எழும்பி மடங்கும். அந்த மாதங்களில் கூட ஆள் இல்லாமல் யாரும் படகு எடுக்க மாட்டார்கள். கட்டு விழுந்தவன் படகில் எவன் ஏறுவான்? படகைத் தானே தள்ளி, தானே ஏறிப் போனான். ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறாள். கொஞ்சம் தள்ளி வலை பின்னிக்கொண்டு நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். போகாதே என்று சொல்லக்கூட அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பேசினால் அவர்களுக்கும் கட்டு.

படகு கவிழ்ந்து தெற்கே வேறொரு குப்பத்தில் ஒதுங்கியது. அப்புறம் அவனும் ஒதுங்கினான்.

சேதி வந்ததும் கூட்டம் போட்டு ஊர்க்கட்டை நீக்கிவிட்டார்கள். கட்டு இருந்தால் பாடை தூக்க ஆள் வர முடியாதே! ஊர் முழுக்கத் திரண்டு வந்து அழுதது. முந்தின நாள்வரை முகம் பார்க்காதவளைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். இவர் போய் ஓரமாக நின்றார். யாரும் அவரை விழச் சொல்லவில்லை. ஓரகத்தி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள். பிறகு வருஷக்கணக்கில் என்னோடு பேச்சில்லை.

எல்லாவற்றையும் எழுதியவர் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மை காய்ந்துபோகும். எழுந்து போய்விடுவார். ஊரை எழுதினால் தன்னையும் எழுத வேண்டுமே. அந்த ஒரு கேஸில் அவர் தனக்குத் தானே வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டார். அப்படியே செத்தும் போனார்.

இவ்வளவையும் கேட்ட டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதாம்மா படத்தோட உயிரே" என்றான்.

நான் அடுத்த நாளே கிளம்பி ஓரகத்தியைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்று வயிற்றில் இருந்த பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, ஊருக்கு வரி கட்டும் ஒரு தலைக்கட்டாகச் சேர்ந்து, அப்பனுக்கு இருந்த பாடு முறையைத் திரும்பப் பெற்று ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தான். "வா பெரிம்மா" என்று அவன்தான் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டான். அவன் வெளியே போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். ஓரகத்தி உரிப்பதை நிறுத்தினாள்.

"ஊர்ல ஒருத்தரும் ஒரு நாளும் அதப் பத்திப் பேசினதில்லக்கா. கடல் கொண்டுக்கினு போயிடுச்சின்றாங்க. கடலா கொண்டுக்கினு போச்சி? எம்புள்ளயே, நைனாவ கடல் அட்ச்சிக்கினு போச்சின்னுதான் சொல்றான். நான் ஒர்த்தி எத்தினி வாட்டி சொல்றது?"

"படத்துல வரும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"ஊரு கட்டுப் போட்டதும் வருமா?"

"வரும்."

"படகு தள்ள ஆளு வராததும்?"

"வரும்டி."

"அப்போ அத்த இங்க போடச் சொல்லு. டவுன்ல போட்டா எனக்கு இன்னாத்துக்கு? இங்க, இந்த மணல்ல போடணும். இவங்கள்லாம் உக்காந்து பாக்கணும். நானும் கூட உக்காந்து பாக்கறேன்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். டைரக்டரிடம் சொன்னேன். "கண்டிப்பாம்மா, மொத ஷோவே அங்கதான்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை.

படம் போட்ட அன்று பொழுது சாயும்போதே குப்பம் முழுக்க மணலில் கூடிவிட்டது. இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். காற்றில் அது புடைத்துக்கொண்டே இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் நாற்காலி. ஓரகத்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

படம் டச்சுக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த டச்சுக்காரனை ஒரு மீனவன் எதிர்த்துப் பேசுகிறான். அவன் நாக்கை அறுக்கிறார்கள். டச்சுச் சிப்பாய் வேஷம் போட்டது எல்லாம் ஊர்ப் பையன்கள். பெரிய தொப்பி ஒன்று திரையில் வந்ததும், "டேய், நம்ம ஐஸ் வண்டிக்காரன்டா!" என்று ஒரே கூச்சல், விசில். முன்பே இதைப் பற்றி டைரக்டரிடம் கேட்டிருந்தேன், இது நிஜமாக நடந்ததா தம்பி என்று. "நடந்திருக்கலாம்மா" என்றான். அப்புறம் கதை இந்தக் காலத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரரை ஜெயிலில் வைத்ததற்குப் பதிலாக, டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூணுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். அவராக நடித்தவர் நல்ல அழகு. என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் கூச்சப்பட்டிருப்பார்.

"எப்போக்கா வரும்?" என்று ஓரகத்தி காதோடு கேட்டாள்.

"வரும், இரு."

அந்த விதவைப் பெண் வந்தாள். ஆனால் அவள் நிலத்தை அபகரித்தவன் ஏதோ ஒரு தொழிற்சாலை முதலாளி. பாடு என்ற பேச்சே இல்லை. இவர் எழுதுகிறார். ஊர்ப் பெரியவர் வந்து இவர் தோளில் கை வைத்து, "எழுதுப்பா, ஊரே உன் பின்னாடி இருக்குது" என்கிறார். முன் வரிசை நாற்காலிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஓரகத்தி இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கொழுந்தன் வந்தான். கட்டுமஸ்தான ஒரு பையன். மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, ஊரே கூடிப் படகைத் தள்ள, ஏறிப் போகிறான். அத்தனை கைகள் அந்தப் படகின் மேல்! நடுக்கடலில் முதலாளியின் அடியாட்கள் வந்து வளைக்கிறார்கள். குத்துப்பட்டுத் தண்ணீரில் விழுகிறவன், "எழுதுண்ணா! நான் செத்தாலும் நீ எழுது!" என்று கத்துகிறான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஓரகத்தியின் மகன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இவன் யாருக்கா?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"உன் வீட்டுக்காரன் வேஷம்."

"ஓ" என்றாள்.

நான் எழுந்து போய், திரைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்த டைரக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "ஊர்ல பர்மிஷன் வேணும்லம்மா. அந்த ஊர்க்கட்டு ஸீன் இருந்தா படகும் கெடையாது, ஆளும் கெடையாதுன்னுட்டாங்க. ஐயாவோட கருத்து அப்படியே இருக்கும்மா. சம்பவம்தான் கொஞ்சம் மாறியிருக்கு."

"கருத்துச் சுதந்திரத்துக்குப் படம் எடுக்க அவங்ககிட்ட அனுமதி வாங்கினியா? நீ நல்லா இருப்ப தம்பி" என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவன் காதில் எவ்வளவு விழுந்ததோ.

படம் முடிந்ததும் விளக்குப் போட்டார்கள். ஊர் சார்பில் எனக்குச் சால்வை. ஊர்க் கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் அங்கே கிடையாது. இது சினிமா விழா, நான் வெளியூர்க்காரி, அதனால் மைக்கைக் கொடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டால் அதைத் திறக்க மட்டும் என்ன இருக்கிறது? நான் திறப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். படத்துல என் கொழுந்தன் சாவைக் காட்டினாங்க. அவன் அப்படிச் சாகல."

முன் வரிசையில் ஒரு பெரியவர், "நன்றி சொல்லிட்டு முடிச்சிக்கம்மா, நேரமாவுது" என்றார், மரியாதையாகத்தான்.

"அவன் ஏன் தனியா கடலுக்குப் போனான்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, ஓரகத்தியின் மகனைப் பார்த்தார்கள். திட்டவில்லை, முறைக்கவில்லை. சும்மா பார்த்தார்கள். தன்னை எதற்குப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் அவன் இங்கும் அங்கும் விழித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

அதை நான் பார்த்த அதே நேரத்தில் ஓரகத்தியும் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் கூட்டத்தைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"படம் நல்லா இருந்துச்சி" என்றாள். "எங்க வூட்டுக்காரர நல்லா காட்டினாங்க. ஊரு எங்களுக்கு ஒரு கொறையும் வெக்கல."

கைதட்டினார்கள். முன் வரிசையில் தட்டினார்கள், பெண்கள் தட்டினார்கள், டைரக்டரும் தட்டினான். அவள் மகன் எழுந்து நின்று விசில் அடித்தான். அவள் மைக்கை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுகள் கிடக்கிற பக்கமாக நடந்தாள்.

"ஏண்டி?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குத்தானேடி இத்தனை வருஷம் காத்துக்கினு இருந்த? நீதானே கேட்ட?"

"நீ பேசிட்டு மீஞ்சூருக்குப் பூடுவக்கா" என்றாள். "எம்புள்ளைக்கு நாளைக்குப் பாடு."